நீங்கள் விட்டுவைத்த அரைப்பக்கம்

சிஞ்ஞோரா,

உங்கள் புத்தகம் நேற்று வந்து சேர்ந்தது. மிலானிலிருந்து உங்கள் மகன் அனுப்பியிருக்கிறார். உறையைப் பிரித்தபோது புதுத்தாளும் பசையும் கலந்த மணம் என் சின்னச் சமையலறையில் நிறைந்தது. அட்டையில் உங்கள் பெயரைப் பார்த்தேன். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, முன்பக்கங்களை எல்லாம் தள்ளிக் கடைசி அத்தியாயத்துக்குப் போனேன்.

அங்கே அரைப்பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. அதற்கு மேலே மூன்று வரிகள்: இந்த இடத்தில் ஒரு பகிடி இருந்திருக்க வேண்டும், அதை எனக்குச் சொன்னவர் அச்சிட விரும்பவில்லை, ஆகவே இடத்தை மட்டும் விட்டுவைக்கிறேன்.

வாசிக்கிறவர்கள் அச்சகத்தின் பிழை என்று நினைப்பார்கள். அது என்னால் வந்தது என்பது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் போன பிறகு, நேற்று மாலை வரை, எனக்கு மட்டும்.

உங்களுக்குத் தெரியாத மொழியில் இதை எழுதுகிறேன். என் இத்தாலியன் மருந்துச்சீட்டு வாசிக்கவும் சந்தையில் பேரம் பேசவும் நீங்கள் சொல்லச் சொல்ல எழுதவும் போதும், இதற்குப் போதாது. நீங்கள் பேசியதெல்லாம் என் காதுக்குள் எங்கள் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்கு நான் வந்தது, இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க ஒரு வேலைப் பத்திரம் தேவைப்பட்டதால்தான். பலெர்மோவின் லிபெர்த்தாத் தெருவில் உங்கள் கட்டடத்தின் படிகளைக் கழுவிக்கொண்டிருந்த என் மச்சாள் சுகந்திதான் கூட்டி வந்தாள். மற்ற சிஞ்ஞோராக்கள் எல்லாரும் முதலில் கேட்பது சமைக்கத் தெரியுமா, முதுகு நோகாதா என்றுதான். நீங்கள் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டீர்கள். கிளிநொச்சியில் ஏ.எல். வரை படித்தவள் என்று சொன்னேன். ஒரு சப்பாத்துப் பெட்டியை என் பக்கம் தள்ளினீர்கள். அதற்குள் நூற்றுக்கணக்கான சிறிய அட்டைகள். ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்தில் ஒரு பகிடி, அல்லது ஒரு கதையின் சுருக்கம்.

நாற்பது வருடம் உயர்பள்ளியில் இலக்கியம் படிப்பித்த நீங்கள் ஓய்வுக்குப் பிறகு ஒரே ஒரு புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் யூத ஆட்களின் கதைகளில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் அதன் விஷயம். எழுதி முடிப்பதற்குள் கண் போய்விட்டது. பார்வையின் நடுப்பகுதி அழிந்து ஓரங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. கதவு நிலை தெரியும், ஜன்னல் தெரியும். எழுத்தும் முகமும் தெரியாது. ஆகவே நான் வாசிக்க, நீங்கள் கேட்டு, திருத்தி, திரும்பச் சொல்ல, நான் எழுதினேன். நான்கு வருடம்.

தொடக்கத்தில் எனக்கு அது பைத்தியக்கார வேலையாகத் தெரிந்தது. ஓர் அட்டை இன்னும் நினைவிருக்கிறது. ஓர் ஊரில் தொழுகைக் கூடத்தின் கூரை ஒரே ஓர் இருக்கைக்கு மேல் மட்டும் ஒழுகுகிறது. அந்த இருக்கையில் யார் இருப்பது என்று மூன்று வருடம் கூட்டம் போடுகிறார்கள். கடைசியில் ஓர் ஏழைத் தையல்காரரைத் தெரிவு செய்கிறார்கள். அவர் வந்து உட்கார்ந்த அன்றைக்கே கூரை முழுவதும் இடிந்து எல்லாரையும் நனைத்துவிடுகிறது. தையல்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்கிறார்: பார்த்தீரா, எனக்கென்று ஒன்று கிடைத்தால் அதையும் எல்லாருக்கும் பங்கு வைத்துவிடுகிறார்கள்.

நான் அதை மின்சாரப் பில் வாசிப்பதுபோல வாசித்தேன். நீங்கள் கண்ணீர் வரச் சிரித்தீர்கள். பிறகு அறை அமைதியானது. என் முகம் உங்களுக்குத் தெரியாது. நான் சிரிக்கவில்லை என்பதைக் காதால் கண்டுபிடித்தீர்கள்.

"விளங்கேல்லையோ?" என்றீர்கள்.

"விளங்குது சிஞ்ஞோரா. சிரிக்க என்ன இருக்கு?"

கோபம் வரும் என்று நினைத்தேன். நீங்களோ அதை ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியில் முதலாவதாக வைக்கச் சொன்னீர்கள். இரண்டு விதமான சிரிப்பு இருக்கிறது என்று அன்றைக்கு விளக்கினீர்கள். அடிக்கிறவன் சிரிப்பது ஒன்று. அடி வாங்குகிறவன், மற்றவன் சிரிப்பதற்கு முன் தானே தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவது மற்றது. உங்கள் ஆட்களின் கதைகள் முழுக்க இந்த இரண்டாவது ஆளின் வீடுதான் என்றீர்கள். நான் தலையாட்டினேன். தலையாட்டியது உங்களுக்குத் தெரியாது என்பதை மறந்துவிட்டேன்.

சனிக்கிழமைகளில் உங்களைக் கையில் பிடித்துக்கொண்டு பழைய நகரத்துக்கு நடந்தோம். கபோ சந்தையில் மீன்காரரின் கத்தலைக் கேட்டபடி நிற்பது உங்களுக்குப் பிடிக்கும். ஒருநாள் இன்னும் தூரம் நடந்து, உங்கள் ஆட்கள் முன்பு வாழ்ந்த தெருக்களுக்குப் போனோம். ஐந்நூறு வருடத்துக்கு முன் ஓர் அரசனின் ஆணையால் அத்தனை பேரும் இந்தச் சிசிலித் தீவை விட்டு வெளியேற்றப்பட்டதாகச் சொன்னீர்கள். ஆனால் தெருப்பெயர்ப் பலகைகளில் இப்போதும் உங்கள் ஹீப்ரு எழுத்து இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "திரும்பி வாறவன் வழி தவறக்கூடாதெல்லோ" என்றீர்கள். எனக்கு முறிகண்டியிலும் மாங்குளத்திலும் போருக்குப் பிறகு சிங்களத்தில் புதிதாக முளைத்த பலகைகள் நினைவுக்கு வந்தன. அப்போதும் நான் சிரிக்கவில்லை.

உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் சொன்னது ஒரு ஷிரோக்கோ நாளில். ஆபிரிக்காவிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றுக்குப் பயந்து ஜன்னல் பலகைகளை எல்லாம் சாத்தியிருந்தோம். உங்கள் தலையைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் கண்ணை மூடியபடி, எதையோ வாசித்துக் காட்டுவதுபோலச் சொன்னீர்கள்.

ரோமில் ஜெர்மன்காரர் யூதர்களைப் பிடித்துக்கொண்டு போன நாட்களில் உங்களுக்கு ஏழு வயது. அம்மா ஒளிப்பதற்கு இடம் தேடி ஒரு கிராமத்துக்குப் போயிருந்தார். விடிந்து சற்று நேரத்தில் படிகளில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அப்பா உங்களை எதிர்வீட்டுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பிப் போனார். எதிர்வீட்டுப் பெண் தன் கதவைப் பாதி திறந்தபடி நின்றாள். நீங்கள் கதவுக்குப் பின்னால். அப்பாவை இரண்டு சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எதுவும் தெரியாதவள்போல அந்தப் பெண் எங்கே பயணம் என்று கேட்டாள்.

"போற ரிக்கெற் சும்மா தந்திருக்கினம்" என்றார் உங்கள் அப்பா. "திரும்பி வாறதுக்குத்தான் இன்னும் கதைச்சுக்கொண்டிருக்கிறம்."

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். ஏழு வயதுப் பிள்ளை, அப்பாவின் பகிடிக்கு எப்போதும் சிரிக்கிற பிள்ளை. சிப்பாய் ஒருவன் திரும்பினான். அந்தக் கணத்தில் எதிர்வீட்டுப் பெண் தானும் உரத்துச் சிரிக்கத் தொடங்கினாள், அந்தச் சிரிப்பும் தன்னுடையதுதான் என்பதுபோல. அவன் அவளைக் கன்னத்தில் அறைந்தான். அவள் நிறுத்தவில்லை. அவர்கள் படியிறங்கி முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும்" என்றீர்கள். "ரெண்டு சிரிப்பில எது என்ர எண்டு தெரிஞ்சுதான் இறங்கிப் போனவர்."

வாளியிலிருந்த தண்ணீர் ஆறிப்போயிருந்தது. வேறு தண்ணீர் சுடவைத்து உங்கள் தலையிலிருந்த சவர்க்காரத்தைக் கழுவினேன். வாழ்நாள் முழுவதும் நீங்கள் ஏன் அட்டைகள் சேர்த்தீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த கிழமை, சமையலறையில் மத்தி மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோது, நீங்கள் கேட்காமலே என் வாய் திறந்தது. அதுவரை நான் யாருக்கும் சொல்லாதது. இப்போது எழுதும்போது நினைத்துப் பார்க்கிறேன், அதை நான் முதலில் சொன்னது இத்தாலியனில். நடந்தது தமிழில். தமிழில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் கணவர் தபால்காரர். புதுக்குடியிருப்புப் பக்கம் சைக்கிளில் கடிதம் கொடுத்தவர். சண்டை நெருங்கியபோது சனமெல்லாம் கிழக்கே கிழக்கே நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம். தபால் வருவது நின்றுபோன பிறகும் அவருடைய பையில் கொடுபடாத கடிதங்கள் இருந்தன. விலாசங்கள் எல்லாம் அழிந்துவிட்டன. ஆனால் யார் எந்தத் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். செல் குண்டு அடிக்காத நேரம் பார்த்துப் போய்க் கொடுத்துவிட்டு வருவார்.

கடைசி மாதங்களில் ஒருநாள், நான்கு குடும்பங்கள் மண்ணில் வெட்டிய ஒரே பங்கருக்குள் இருந்தோம். மூன்று வயது மகள் காய்ச்சலோடு என் மடியில். வெளியே விழுகிற சத்தத்தை எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர் பையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"என்ர டெலிவரி ஏரியா கிழமைக்குக் கிழமை சின்னனாகுது. இன்னும் ரெண்டு கிழமை பொறுங்கோ, இருந்த இடத்தில இருந்துகொண்டே எல்லாருக்கும் கடிதம் குடுத்திடுவன்."

எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டுப் பேச்சே இல்லாமல் இருந்த ஒரு பெரியவர்கூடச் சிரித்தார். எனக்குத்தான் உடம்பு பற்றி எரிந்தது.

"வாயை மூடுங்கோ" என்றேன். "சாகப்போற நேரத்திலயும் உங்களுக்குப் பகிடி."

அவர் தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பத்து நிமிடமும் ஆகியிருக்காது, பக்கத்தில் ஒரு செல் விழுந்தது. நான் மகளைப் பக்கத்திலிருந்தவளின் மடியில் போட்டுவிட்டு ஓடினேன். கான் கிடந்தது. அவரை அங்கேயே மண்ணில் வெட்டிப் புதைத்தோம், ஆழமாக வெட்ட நேரம் இருக்கவில்லை. அடுத்த நாள் அந்த இடத்தையும் விட்டு நகர்ந்தோம். அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது வாயை மூடச் சொல்லித்தான்.

நான் சொல்லி முடித்ததும் அவர் சொன்னதைத் திரும்ப ஒருமுறை, சொல்லுக்குச் சொல் சரியாகச் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். சின்னச் சிரிப்பு அல்ல, கூரை ஒழுகிய கதைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

கத்தியை வைத்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் படியிறங்கினேன். போர்கோ வெக்கியோவில் என் வீடு வரை மீன் நாற்றத்தோடு நடந்தேன். இனி அந்த வீட்டுப் படி மிதிக்கக்கூடாது என்று சுகந்தியிடம் சொன்னேன். பெர்மெஸ்ஸோவை நினைத்துப் பார் என்றாள் அவள். காலையில் திரும்பி வந்தேன், ஆனால் பத்திரத்துக்காக அல்ல. உங்கள் மருந்துக் குளிசைகளை நிறம் பார்த்துப் பிரித்துத் தர வேறு யாரும் இல்லை.

நீங்கள் முதல்நாள் இருந்த அதே கதிரையில் இருந்தீர்கள். மன்னிப்புக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

"அவர் ஆக்கள் சிரிக்கவேணும் எண்டுதான் சொன்னவர்" என்றீர்கள். "நீங்களும் சிரிக்கேல்லை. நானும் சிரிக்காமல் விடுறதோ?"

அந்தச் சொல் குத்தியது. இன்றைக்கும் குத்துகிறது. அது உண்மை என்பதால் அல்ல, அதைச் சொல்ல உலகத்தில் உங்களைத் தவிர வேறு யாருக்கும் துணிவு இருந்திருக்காது என்பதால்.

சில நாள் கழித்து அந்தப் பகிடியைக் கடைசி அத்தியாயத்தில் போடலாமா என்று கேட்டீர்கள். உங்கள் ஆட்களின் புத்தகத்தில் வேறு ஒருவருடையது ஒன்றே ஒன்று இருக்கட்டும், அப்போதுதான் அந்தச் சிரிப்பு உங்கள் சொத்து மட்டும் இல்லை என்று விளங்கும் என்றீர்கள். நான்கு வருடத்தில் நான் உங்களுக்கு மறுத்துச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

"அது எங்கட சனம் செத்த இடம், சிஞ்ஞோரா. உங்கட புத்தகத்துக்கு உதாரணம் இல்லை."

நீங்கள் வற்புறுத்தவில்லை. அப்படியென்றால் இடம் விட்டுவைக்கிறேன் என்று மட்டும் சொன்னீர்கள். நீங்கள் சொன்ன அந்த மூன்று வரிகளை எழுதியபோதும் நான் அதை ஒரு பகிடி என்றே எடுத்துக்கொண்டேன்.

கையெழுத்துப் பிரதி பதிப்பகத்துக்குப் போய் ஒரு மாதத்தில் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையில் ஆறு கிழமை. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அத்தனை சொற்களோடு வாழ்ந்தவரிடம் ஒரே ஓர் ஒலி மட்டும் மிஞ்சியிருந்தது. தண்ணீருக்கும் அதுதான், நோவுக்கும் அதுதான், என் பெயருக்கும் அதுதான். உங்கள் மகன் சனி ஞாயிறுகளில் விமானத்தில் வந்து போனார். மற்ற நாட்களில் நான் சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து அட்டைகளை வாசித்தேன். கேட்கும்போது உங்கள் முகத்தின் இடப்பாதி அசையும். அது சிரிப்பா அழுகையா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. தாதியரிடம் கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை.

கடைசிக் கிழமையில் ஒரு மத்தியானம், அட்டையைக் கீழே வைத்துவிட்டு உங்கள் காதருகே குனிந்தேன்.

"போடுங்கோ சிஞ்ஞோரா" என்றேன். "அவர் சொன்னதைப் போடுங்கோ. அவற்ர பேரையும் போடுங்கோ."

உங்கள் இடக்கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கிழமை முழுவதும் அந்தக் கை எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருந்தது, போர்வையை, கட்டில் கம்பியை, எதையும். ஆகவே நீங்கள் கேட்டீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. மகனிடம் சொல்லியிருக்கலாம். புத்தகம் அப்போது அச்சில் இருந்தது, நிறுத்தியிருக்கலாம். அவர் அழுதுகொண்டிருந்தார், நான் வேலைக்காரி, எப்படி வாய் திறப்பது என்று தெரியவில்லை. முதலில் மறுத்தது, பிறகு மகனிடம் சொல்லாதது, இந்த இரண்டு தவறுகளில் எது பெரியது என்று இரவும் பகலும் யோசிக்கிற பெண் நான் இல்லை. ஆனால் நேற்று அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தபோது யோசித்தேன்.

உங்களை அடக்கம் செய்த காலையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். மயானத்தின் ஓரத்தில் உங்கள் ஆட்களுக்கென்று விட்ட சின்னத் துண்டு நிலம். மழை வரப் பார்த்தது. தொழுகை சொல்ல வேறு நகரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். அந்தக் குறிப்பிட்ட செபத்தைச் சொல்லப் பத்து யூத ஆண்கள் வேண்டுமாம். பலெர்மோவில் தேடிப் பிடித்தும், அந்தப் பெரியவரையும் உங்கள் மகனையும் சேர்த்து, ஆறு பேர்தான் நின்றார்கள். சவப்பெட்டி தூக்க உதவிக்கு நான் கூட்டி வந்தவர்கள் நான்கு பேர்: சுகந்தியின் கணவர் நகுலன் அண்ணையும் அவரோடு மீன் களஞ்சியத்தில் வேலை செய்கிற மூன்று பேரும். நெற்றியில் திருநீற்றோடு, கைகளைக் கட்டிக்கொண்டு, அவர்களும் வரிசையில் நின்றார்கள்.

உங்கள் மகன் ஒருமுறை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். பத்து. பெரியவர் நான்கு பேரையும் பார்த்துவிட்டு இல்லையென்று மெதுவாகத் தலையசைத்தார்.

"எண்ணிக்கை சரி" என்றார் உங்கள் மகன் யாரையும் பார்க்காமல். "ஆக்கள்தான் பிழை."

அது உங்கள் குரல். அச்சு அசலாக உங்கள் குரல். இருமல் வருகிறது என்று நினைத்து வாயைப் பொத்தினேன். இருமல் இல்லை. பங்கரை விட்டு வந்த நாளிலிருந்து என்னிடம் வராத ஒன்று, உங்கள் குழியின் விளிம்பில் வந்தது. நான் நிலைகுலைந்து அழுகிறேன் என்று நகுலன் அண்ணை ஓடிவந்து தோளைப் பிடித்தார். உங்கள் மகன் மட்டும் என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அந்தச் செபம் அன்றைக்குச் சொல்லப்படவில்லை, சிஞ்ஞோரா. வேறு ஒன்றைச் சொல்லி மண்ணைப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. என் கணவருடைய மற்றப் பகிடிகள் திரும்பி வரத் தொடங்கின. கடைசியாகச் சொன்ன அந்த ஒன்று வாசலில் கல்லாகக் கிடந்து மற்ற எல்லாவற்றையும் மறித்துக்கொண்டிருந்திருக்கிறது. பேருந்தில் நிற்கும்போது ஒன்று வரும், யாருடைய வீட்டிலோ படி துடைக்கும்போது ஒன்று. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, தம்பிக்கு என்ன வேலை என்று என்னைப் பெற்ற ஐயா கேட்டதற்கு, "மற்றவையின்ர கடிதத்தை வாசிக்காமல் இருக்கிறது" என்று சொன்ன மனிதர் அவர். அதை நான் எப்படி மறந்தேன்?

நேற்று மாலை மகள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாள். அந்த வெள்ளை அரைப்பக்கத்தைக் காட்டி இது ஏன் என்று கேட்டாள். அவளுக்கு அப்பாவின் முகம் நினைவில்லை. போரில் செத்தவர் என்பதற்கு மேல் நான் எதையும் சொன்னதில்லை. உட்காரவைத்துச் சொன்னேன், கடிதப் பையைப் பற்றியும், அவர் சொன்ன அந்தப் பகிடியையும், நான் வாயை மூடச் சொன்னதையும். அவள் சிரிக்கவில்லை. அழவுமில்லை.

"நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே, அம்மா. பெர்க்கே?" என்றாள், அந்த ஏன் என்பதை மட்டும் சிசிலிக்காரப் பிள்ளைகள் இழுக்கிற அதே இழுவையில். பிறகு, அப்பா தன் பகிடிக்குத் தானே சிரிப்பாரா என்று கேட்டாள்.

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நீங்கள்கூடக் கேட்கவில்லை. நான் யோசித்துப் பார்த்தேன், உடனே தெரிந்தது. இல்லை, அவர் சிரிக்கமாட்டார். சொல்லிவிட்டு, எத்தனை பேர் நடுவில் இருந்தாலும், என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். அன்றைக்குப் பங்கருக்குள்ளும் அப்படித்தான் பார்த்திருப்பார். நான் பிள்ளையின் நெற்றியில் கை வைத்தபடி குனிந்திருந்தேன்.

மகளுக்கு இன்னொன்று சொன்னேன், ஐயாவிடம் அவர் சொன்ன பதிலை. சொல்லிவிட்டுச் சிரிக்காமல், அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.